பற்றவும் அடங்கவும் கற்ற நெருப்பு

செஞ்சிக் கோட்டைக்கு வரும் யாத்ரிகர்கள், கல்யாண மகாலையும் நெற்களஞ்சியங்களையும் வியந்து ராஜகிரியின் படிகளில் ஏறத் தொடங்கிவிடுவார்களேயன்றி, வெடிமருந்துக் கிடங்கின் முன் நின்று சிந்திப்பவர் அரியர். வெடியுப்பும் கந்தகமும் கரியும் கலந்த அந்த மருந்து, எரிவதற்கு வேண்டிய பிராணவாயுவைத் தன் உப்பிலேயே சுமந்திருப்பதால், பற்றிக்கொண்டபின் காற்றை மறித்தாலும் அணையாது. 1750-இல், புஸ்ஸியின் பிரெஞ்சுச் சேனை ஓரிரவில் இக்கோட்டையின் கதவுகளைத் தகர்த்தது இம்மருந்தின் வேகத்தால்தான். வாணங்கள் விண்ணில் பாய்ந்ததும் அதனால்தான்.

எரிபொருளையும் பிராணவாயுவையும் வெவ்வேறு கலங்களில் திரவமாக வைத்து, வேண்டும்போது மட்டும் கலந்தால் நெருப்பை ஆளலாமே என்று 1903-இல் எழுதினார், ரஷ்யராகிய ஸியோல்கோவ்ஸ்கி. 1926 மார்ச் 16 அன்று அமெரிக்காவில், பெட்ரோலையும் திரவப் பிராணவாயுவையும் கொண்டு காடார்ட் ஏவிய ராக்கெட் இரண்டரை விநாடியில் 41 அடி எழும்பிற்று. நம் ராஜகிரியின் உயரத்தில் இருபதில் ஒரு பங்குதான்!

செஞ்சியை வென்ற பிரெஞ்சு தேசத்தாரிடமே 1974-இல் நாம் ஓர் உடன்படிக்கை செய்துகொண்டோம் என்பது சரித்திரத்தின் விநோதம். இம்முறை கைமாறியது கோட்டையன்று, வித்தை. நம் பொறியாளர்கள் அங்கே உழைத்துக் கொடுக்க, அவர்களுடைய வைகிங் எஞ்சினின் நுட்பம் நமக்குக் கிடைத்தது. நம்பி நாராயணன் முதலியோர் பாடுபட, அதுவே விகாஸ் எஞ்சினாயிற்று. அதில் ஹைட்ரஸீன் வகை எரிபொருளும், செம்பழுப்பு ஆவி கக்கும் நைட்ரஜன் டெட்ராக்ஸைடும் ஒன்றையொன்று தீண்டிய கணமே பற்றிக்கொள்கின்றன; திரியும் வேண்டாம், பொறியும் வேண்டாம். வரத்தை அடைத்தால் நெருப்பும் நின்றுபோம்.

நெல்லைச் சீமையின் மகேந்திரகிரி அடிவாரத்திலே இத்தகைய எஞ்சின்கள் சோதிக்கப்படுகின்றன. பூஜ்யத்துக்குக் கீழே 253 டிகிரிக் குளிரில் திரவமாகும் ஹைட்ரஜனை எரிக்கும் சுதேச எஞ்சின், 2010-இல் தோல்வியுற்று, 2014 ஜனவரி 5 அன்று வெற்றி கண்டது.

கோட்டையின் மூன்று குன்றுகளுள் ஒன்றுக்குச் சந்திராயன் துர்க்கம் என்று பெயர். ஏறத்தாழ அதே பெயருடைய கலமொன்று, 2023 ஆகஸ்ட் 23 அன்று, தன் திரவ எஞ்சின்களின் சுவாலையை மெல்ல மெல்லத் தணித்துக்கொண்டே சந்திரமண்டலத்தில் பதமாக இறங்கிற்று. கிடங்கிலிருந்த மருந்துக்குப் பற்ற மட்டுமே தெரியும், தணியத் தெரியாது.

(தொடரும்)