மூல ஆபரேஷன்: 'சரியாயிடுச்சா?'ன்னு எப்போ கேட்கணும்?

இன்னைக்குக் கொஞ்சம் கூச்சமான விஷயம். ஹெட்போன் போட்டுக்கிட்டே கேளுங்க, தப்பில்ல.

பஸ் ஸ்டாண்ட் சுவர்ல எல்லாரும் பார்த்திருப்பீங்க: 'மூலம், பௌத்திரத்துக்கு நிரந்தரத் தீர்வு'. அந்த 'நிரந்தரம்'ங்கிற வார்த்தைதான் இன்னைக்கு நம்ம கதை. ஆபரேஷன் பண்ணின மூலம் நிஜமாவே திரும்பி வராதா?

1882-க்குப் போவோம். இங்கிலாந்துல மான்செஸ்டர், சர்ஜன் பேரு வால்டர் வைட்ஹெட். அவரோட யோசனை ரொம்ப நேரடியானது. மூலம் வர்ற பகுதியை ஆசனவாயைச் சுத்தி வளையமா முழுசா வெட்டி எடுத்துடணும். மேல இருக்கிற உள்சவ்வைக் கீழ இழுத்துத் தைச்சிடணும். நோய் வர்ற இடமே இல்லைன்னா நோய் எப்படி வரும்? 1887-ல, தொடர்ந்து 300 பேருக்குச் செஞ்சதைப் பத்திக் கட்டுரை எழுதினார். தலைப்புலயே 'குணமானவை'ன்னு போட்டுட்டார்.

ஆனா இந்த முறை பரவினப்புறம் வேற ஒண்ணு தெரிய ஆரம்பிச்சது. உள்ளே இருக்கவேண்டிய ஈரமான சவ்வு சிலருக்கு வெளியில வந்து நின்னுடுச்சு. எப்பவும் கசிவு, துணியெல்லாம் ஈரம், நடுநடுவுல ரத்தம். சிலருக்கு ஆசனவாயே சுருங்கிப் போச்சு. மருத்துவப் புத்தகங்கள்ல இதுக்கு 'வைட்ஹெட் டிஃபார்மிட்டி'ன்னே பேர் வந்துடுச்சு. அவர் சொன்ன இடத்துல தைக்காம, மத்தவங்க இன்னும் கீழே தோல் விளிம்புல தைச்சதுதான் காரணம்னு அவருக்காக வாதாடுறவங்களும் உண்டு. யார் தப்பா இருந்தாலும் அனுபவிச்சது நோயாளிதான்.

அடுத்து லண்டன். 1835-ல ஃப்ரெடரிக் சால்மன் ஏழே படுக்கையோட ஆரம்பிச்ச ஆஸ்பத்திரி, பின்னாடி செயின்ட் மார்க்ஸ்னு பேர் வாங்குச்சு. 1937-ல அங்கே இருந்த மில்லிகன், மார்கன் குழு ஒரு முறையை வெளியிட்டாங்க. மூலம் பொதுவா மூணு இடத்துல பெருசாகும். அந்த மூணை மட்டும் வெட்டணும். நடுவுல தோலும் சவ்வும் பாலம் மாதிரி அப்படியே இருக்கணும். அப்போ சுருங்கிப் போற ஆபத்து குறையும். புண்ணைத் தைக்காம விட்டுட்டா தானா ஆறும். இதுக்கு நோயாளி கொடுக்கிற விலை வலி. வாரக்கணக்குல வலி. டாய்லெட் போறதுக்கே பயப்படுற அளவுக்கு வலி.

அதனால அடுத்து வந்தவங்க எல்லாரும் வலியைக் குறைக்கத்தான் பார்த்தாங்க. 1963-ல அமெரிக்காவுல ஜேம்ஸ் பேரன், மூலத்தோட அடியில சின்ன ரப்பர் பேண்ட் மாட்டுற முறையை விளக்கினார். ரத்த ஓட்டம் நின்னு, சில நாள்ல அதுவே உதிர்ந்துடும். மயக்க மருந்து வேண்டாம். ஆனா 2016-ல வெளியான ஒரு பிரிட்டிஷ் ஆய்வுல, பேண்ட் போட்டவங்கள்ல 49% பேருக்கு ஒரு வருஷத்துக்குள்ள தொந்தரவு திரும்பியிருந்தது. மறுபடி பேண்ட் போட்டதையும் சேர்த்துதான் இந்தக் கணக்கு. சுலபமா இன்னொரு தடவை போட்டுக்கலாம்ங்கிறதால, பல பேருக்கு இது இன்னைக்கும் நல்ல வழிதான்.

1998-ல இத்தாலிய சர்ஜன் அன்டோனியோ லோங்கோ ஸ்டேப்ளர் முறையைக் கொண்டுவந்தார். மூலத்தை வெட்டாம, அதுக்கு மேலே, வலி அதிகம் தெரியாத இடத்துல, சவ்வை ஒரு வளையமா எடுத்து ஸ்டேப்பிள் பண்ணணும். சரிஞ்சு இறங்கினது மேலே ஏறிடும். வலி கம்மி, வேலைக்கும் சீக்கிரம் போகலாம். உலகம் முழுக்கப் பரவினதுல ஆச்சரியமே இல்ல.

அப்புறம் வருஷங்கள் ஓடுச்சு. 2006-ல பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த காக்ரேன் அறிக்கை, ஸ்டேப்ளர்ல நீண்டகாலத்துல மூலம் திரும்பி வர்றது அதிகம்னு சொல்லுச்சு. 2016-ல பிரிட்டன்ல 777 பேரை வச்சு நடந்த ஆய்வும் வந்தது. முதல் ஆறு வாரத்துல ஸ்டேப்ளர் பண்ணிக்கிட்டவங்களுக்கு வலி குறைவு. அதே ஆட்களை ரெண்டு வருஷம் கழிச்சுக் கேட்டா, வெட்டி எடுத்துக்கிட்டவங்கதான் நல்லா இருந்தாங்க. தொந்தரவும் கம்மி, திரும்பி வந்ததும் கம்மி.

ஆட்களும் அதே, ஆபரேஷனும் அதே. கேட்ட நாள்தான் வேற. சாஃப்ட்வேர்லயும் இப்படித்தான்: ரிலீஸ் அன்னைக்கு எல்லா டெஸ்டும் பாஸ் ஆயிருக்கும், ஆறு மாசம் ஓடினாத்தான் உண்மை தெரியும்.

மூலத்துல இது இன்னும் சிக்கல், ஏன்னா இது வெளியில சொல்லக் கூச்சப்படுற நோய். திரும்பி வந்தாலும் 'மறுபடியும் அதே டாக்டர்கிட்ட காட்டணுமா'ன்னு வீட்டுலயே இருந்துடுவோம். நோயாளி திரும்பி வரலைங்கிறதுக்காக அவரைக் 'குணமானவர்'னு எழுதிட முடியாது. தேடிப்போய்க் கேட்ட ஆய்வுகளாலதான் இந்த வித்தியாசமே வெளியில வந்தது.

இதனால எல்லாரும் போய் வெட்டிக்கணும்னு நான் சொல்லல. நிறையப் பேருக்கு நார்ச்சத்து, தண்ணி, முக்காம இருக்கிறது, இதுவே போதும். ரத்தம் வந்தா மட்டும், 'மூலம்தான்'னு நாமளே முடிவு பண்ணாம டாக்டர்கிட்ட காட்டிடுங்க. ஆபரேஷன்னு சொன்னாங்கன்னா, 'எத்தனை நாள் வலிக்கும்?'னு கேட்கிறதோட நிறுத்தாதீங்க. 'ரெண்டு வருஷம் கழிச்சு எப்படி இருக்கும்?'னும் கேளுங்க.

அடுத்த எபிசோடுல பார்ப்போம்.