அம்பாளா, ஆண்டாளா? - ஒரு மூக்குப்பொடி வழக்கும் எங்க சித்தப்பாவும்

ரொம்ப நாளா இந்தப் பக்கம் தலை காட்டவே இல்லை. ஆபீஸ்ல ரிலீஸ் மேல ரிலீஸ். இடையில ஊருக்குப் போயிட்டு வந்தேன். அங்க கிடைச்ச சமாச்சாரம்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், காபி எடுத்து வச்சுக்கிட்டு படிங்க.

எங்க ஊர் சங்கரன்கோவில். எங்க சித்தப்பா 1998-ல இருந்து இட்லிப்பொடி, சாம்பார்பொடி, ரசப்பொடி அரைச்சு பாக்கெட் போட்டு விக்கிறாங்க. பெரிய கம்பெனி எல்லாம் இல்லை. ஒரு மிஷின், நாலு பேர் வேலை, சுத்துவட்டார மளிகைக் கடைகள். மூணு வருஷம் முன்னாடி பக்கத்து ஊர்ல ஒருத்தர் அதே மஞ்சள் பாக்கெட், அதே சிவப்பு எழுத்து, பேர்ல ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாத்தி இறக்கிட்டாரு. (ரெண்டு பேரோட பேரும் இங்க வேண்டாம்.) கடைக்காரங்க 'ஏன் அண்ணாச்சி, போன தடவை சரக்குல உப்பு கரிக்குதே'ன்னு சித்தப்பாகிட்ட சண்டைக்கு வந்திருக்காங்க. சரக்கு அவங்களோடதே இல்லை!

"ஏலேய், நீ கம்ப்யூட்டர் படிச்சவன்தானல, இதுக்கு என்ன செய்யணும்னு பாரு"ன்னாங்க. சாப்ட்வேர்காரனுக்கும் டிரேட்மார்க்குக்கும் என்ன சம்பந்தம்னு சித்தப்பாகிட்ட கேக்க முடியுமா? "சரி சித்தப்பா, பாக்கேன்"னு சொல்லிட்டு உக்காந்து தேடினேன். தேடும்போது ஒரு பழைய வழக்கு மாட்டிச்சு. சங்கரன்கோவில்காரன் படிச்சா சிரிச்சுக்கிட்டே யோசிக்கிற வழக்கு.

பொடிமட்டை காலம்

எங்க தாத்தா மூக்குப்பொடி போடுவாங்க. சின்ன வயசுல என்னைத்தான் கடைக்கு விரட்டுவாங்க. கூட்டத்துக்கு நடுவுல எம்பி நின்னு "அண்ணாச்சி, பொடி!"ன்னு கத்தணும். அண்ணாச்சி திரும்பிக்கூட பார்க்காம "எந்தப் பொடி?"ம்பாங்க. பேரைச் சொன்னா காதுல விழுந்ததை எடுத்துக் குடுப்பாங்க. பொடி வாங்குறது கண் வேலை இல்லைங்க, வாய் வேலை, காது வேலை. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, வழக்கே இங்கதான் நிக்குது.

சென்னையில தயாராகிற மூக்குப்பொடிக்கு ஒரு காலத்துல இந்தியா முழுக்க மவுசு. 'பட்டணம் பொடி'ன்னாலே தனி மரியாதை. அந்தச் சென்னையில 'ஸ்ரீ அம்பாள் அண்ட் கோ'ன்னு ஒரு கம்பெனி. அவங்க ரெண்டு டிரேட்மார்க் பதிவு பண்ணி வச்சிருந்தாங்க. ஒண்ணு லேபிள்: தண்ணியில மிதக்கிற உருண்டை மேல அம்பாள் உக்காந்திருக்கிற படம். இன்னொண்ணு 'ஸ்ரீ அம்பாள்'ங்கிற வெறும் பேரு.

1958 மார்ச்ல சின்னகிருஷ்ண செட்டியார்ங்கிற இன்னொரு சென்னை பொடி வியாபாரி, 'ஸ்ரீ ஆண்டாள்' பேர்ல ஒரு லேபிளைப் பதிவு பண்ண விண்ணப்பம் போட்டார். நடுவுல ஆண்டாள் படம், ரெண்டு பக்கமும் பல மொழிகள்ல எழுத்து. அம்பாள் கம்பெனி உடனே ஆட்சேபம் தெரிவிச்சுது. பதிவாளர் பார்த்தார். படம் வேற, லேபிள் வேற, சாமியும் வேற. அதனால பதிவு பண்ணலாம்னுட்டார். மெட்ராஸ் ஹைகோர்ட் அந்த உத்தரவை ரத்து பண்ணிடுச்சு. கடைசியில வழக்கு சுப்ரீம் கோர்ட்டுக்குப் போய், 1969-ல தீர்ப்பு வந்துச்சு.

சாமி வேற, சத்தம் ஒண்ணு

செட்டியார் தரப்பு வாதம் நம்மூர்க்காரனுக்கு ரொம்ப நியாயமாத் தெரியும். அம்பாள் சிவனோட துணை, ஆண்டாள் ரங்கநாதரோட துணை. ரெண்டு தெய்வத்தையும் எவன் குழப்பிப்பான்? எங்க ஊர்ல கோமதி அம்பாள் இருக்கா. ராஜபாளையம் வழியா பஸ் ஏறினா ஸ்ரீவில்லிபுத்தூர்ல ஆண்டாள் இருக்கா. ஆடித்தபசுக்கு யார்கிட்ட வரணும், ஆடிப்பூரத்துக்கு யார்கிட்ட போகணும்னு எங்க ஊர் பாட்டிகளைக் கேட்டா திட்டு விழும் :-)

சுப்ரீம் கோர்ட் என்ன சொல்லிச்சுன்னா (சுருக்கமா என் வார்த்தையில): தென்னிந்திய இந்துக்களுக்கு இந்த ரெண்டு பேரும் வேற வேறதான். ஆனா பொடி வாங்குறவங்க அவங்க மட்டுமா? வடக்க இருக்கிற பல பேருக்கு ரெண்டு சொல்லுக்கும் அர்த்தமே தெரியாது. கிறிஸ்தவர், முஸ்லிம்களும் வாங்குறாங்க. சைவ வைணவ வித்தியாசம் தெரிஞ்சாதான் சரியான பொடி கிடைக்கும்னு சொல்ல முடியாது. அர்த்தம் தெரிஞ்சவங்களுக்கே சத்தத்தை வச்சுப் பிரிக்கிறது கஷ்டம். கண்ணால பார்த்தா ஒத்துப் போகாம இருக்கலாம், காதால கேட்டா ரெண்டும் கிட்டக்கிட்ட இருக்கு. அதனால ஆண்டாளுக்குப் பதிவு கிடையாது.

எனக்கு இது முதல்ல ஒத்துக்கவே முடியலை. தமிழ்ல எழுதிப் பாருங்க. அ-ம்-பா-ள். ஆ-ண்-டா-ள். நாலு எழுத்துல மூணு வேற! ஒரு சொல்லை இன்னொண்ணா மாத்த எத்தனை எழுத்தை மாத்தணும்னு கணக்கு போடுற புரோகிராம் எழுதினா, 'ரெண்டும் வேற வேற சொல்'லுன்னு அடிச்சுச் சொல்லிடும்.

அப்புறம் சவுண்டெக்ஸ் ஞாபகம் வந்துச்சு. ஒரே மாதிரி ஒலிக்கிற பேர்களைக் கண்டுபிடிக்க 1918-லயே அமெரிக்காவுல பேடன்ட் வாங்கின முறை. பேரோட முதல் எழுத்தை அப்படியே வச்சுக்கிட்டு மத்த மெய்யெழுத்துக்களை எண்ணா மாத்தும், உயிரெழுத்தைத் தூக்கி எறிஞ்சிடும். ஆங்கிலத்துல எழுதி அதுல போட்டா அம்பாளுக்கு ஏ-5-1-4, ஆண்டாளுக்கு ஏ-5-3-4. குறில் நெடில் காணாமப் போச்சு, ம்-ண் ஒண்ணாயிடுச்சு. ஒரே ஒரு எண்தான் வித்தியாசம். கூட்டத்துல கத்துற சின்னப் பையனோட குரல் அண்ணாச்சி காதுல எப்படி விழும்னு நினைச்சுப் பார்த்தேன். கோர்ட் சரியாத்தான் சொல்லியிருக்கு.

எங்க கோயில் கதை தெரியும்ல? சங்கன், பதுமன்னு ரெண்டு நாக அரசர்கள் சிவன் பெரியவரா, விஷ்ணு பெரியவரான்னு அடிச்சுக்கிட்டாங்க. அம்பாள் தபசு இருந்து, ரெண்டு பேரும் ஒண்ணுதான்னு சங்கரநாராயணரா காட்டச் சொன்னா. பொடி விஷயத்துல சுப்ரீம் கோர்ட்டும் கிட்டத்தட்ட அதே தீர்ப்பைத்தான் குடுத்திருக்கு, என்ன, ஆண்டாளுக்குத்தான் பதிவு கிடைக்கலை.

கொஞ்சம் சரித்திரம்

இங்கிலாந்துல டிரேட்மார்க் பதிவுச் சட்டம் 1875-ல வந்துச்சு. 1876 ஜனவரி 1-ம் தேதி முதல் நம்பரை வாங்கினது பாஸ் பீர் கம்பெனியோட சிவப்பு முக்கோணம். நம்ம நாட்டுல அப்படி ஒரு பதிவுச் சட்டம் 1940-லதான். அடுத்து 1958 சட்டம். இப்ப நடப்புல இருக்கிறது 1999 சட்டம், அது அமலுக்கு வந்தது 2003 செப்டம்பர் 15.

1940-க்கு முன்னாடி பேரைத் திருடினா என்ன செய்வாங்க? 'பாஸிங் ஆஃப்'னு வழக்கு போடுவாங்க. அதாவது 'உன் சரக்கை என் சரக்குன்னு சொல்லி விக்கிறே'ங்கிற குற்றச்சாட்டு. இந்த உரிமை இன்னைக்கும் இருக்கு, பதிவே பண்ணாதவங்களும் போடலாம். ஆனா மூணு விஷயத்தை நிரூபிக்கணும்: என் பேருக்குச் சந்தையில மதிப்பு இருக்கு, அவர் செய்யுறது வாங்குறவங்களை ஏமாத்தும், அதனால எனக்கு நஷ்டம். பதிவு பண்ணியிருந்தா வேலை பாதி. சான்றிதழைக் காட்டி, ரெண்டு பேரையும் பக்கத்துல வச்சு, குழப்பம் வருமான்னு மட்டும் பார்த்தா போதும். அதுதான் 'இன்ஃப்ரின்ஜ்மென்ட்'.

இன்னொரு முக்கியமான வழக்கு அமிர்ததாரா - லக்ஷ்மன்தாரா, 1962, அதுவும் சுப்ரீம் கோர்ட். ரெண்டும் மருந்து. சாதாரண புத்தி, அரைகுறை ஞாபகம் உள்ள ஒருத்தர் கடையில நின்னா ஏமாறுவாரான்னுதான் பார்க்கணும்னு கோர்ட் சொல்லிச்சு. அந்த அளவுகோல்படி பேர் ரெண்டும் ஏமாத்துற அளவுக்கு ஒத்துத்தான் போகுதுன்னும் சொல்லிச்சு. ஆனா லக்ஷ்மன்தாரா பல வருஷமா உத்தரப்பிரதேசத்துல வித்துக்கிட்டு இருந்தது தெரிஞ்சும் அமிர்ததாரா சும்மா இருந்துடுச்சு. அதனால அந்த மாநிலத்துக்கு மட்டும்னு லக்ஷ்மன்தாராவுக்குப் பதிவு கிடைச்சுது. இப்ப உள்ள சட்டத்துல இதுக்குக் கணக்கே இருக்கு: பின்னால வந்தவர் பதிவு பண்ணின பேரை உபயோகிக்கிறது தெரிஞ்சும் தொடர்ந்து 5 வருஷம் வாயை மூடிக்கிட்டு இருந்தா, அப்புறம் போய் நிறுத்துன்னு சொல்றது கஷ்டம்.

இதைப் படிச்சதும் சித்தப்பாவுக்குப் போன் போட்டேன். "சித்தப்பா, மூணு வருஷம் போச்சு. இனிமே ஒரு நாள்கூட சும்மா இருக்கக் கூடாது."

"அவனும் பொழைச்சுட்டுப் போறான்னு விட்டேம்ல"ன்னாங்க. இந்தப் பெருந்தன்மைதான் சிக்கல். பொழைக்கட்டும், அவர் பேர்ல பொழைக்கட்டும். உப்பு கரிச்ச சரக்குக்கு எங்க சித்தப்பா ஏன் பதில் சொல்லணும்?

சித்தப்பாவுக்குச் சொன்னது, உங்களுக்கும்

1. முதல்ல தேடுங்க. டிரேட்மார்க் ரெஜிஸ்ட்ரியோட இணையதளத்துல யார் வேணா காசில்லாம தேடிப் பார்க்கலாம். எழுத்து ஒத்துமை மட்டும் இல்லாம ஒலி ஒத்துமையும் தேடுங்க. ஏன்னு இப்ப புரியும்.

2. சரக்கு, சேவை எல்லாத்தையும் 45 வகுப்பாப் பிரிச்சிருக்காங்க. மூக்குப்பொடி 34, மசாலாப்பொடி 30. ஒரு வகுப்புக்கு ஆன்லைன் கட்டணம் தனி நபர், சிறு தொழில்னா 4,500 ரூபாய், மத்தவங்களுக்கு 9,000. தமிழ்நாட்டுக்கு சென்னை அலுவலகம்.

3. விண்ணப்பத்தை ஆய்வு பண்ணி ஆட்சேபம் இருந்தா கேப்பாங்க, பதில் சொல்லணும். ஏத்துக்கிட்டா ஜர்னல்ல வெளியிடுவாங்க. அதுல இருந்து 4 மாசத்துக்குள்ள யார் வேணா எதிர்க்கலாம். ஆண்டாளுக்கு ஆப்பு வந்தது இப்படி எதிர்த்ததாலதான். பதிவு கிடைச்சா விண்ணப்பத் தேதியில இருந்து 10 வருஷம், அப்புறம் புதுப்பிச்சுக்கிட்டே போகலாம்.

4. சரக்கை வர்ணிக்கிற சொல்லைப் பேரா கேக்காதீங்க. 'சுத்தமான சாம்பார்பொடி' யாருக்கும் சொந்தமில்லை. ஊர்ப் பேரும் அப்படித்தான். சிகரெட்டுக்கு 'சிம்லா'ன்னு கேட்ட கம்பெனிக்கு 1977-ல கல்கத்தா ஹைகோர்ட் முடியாதுன்னுடுச்சு. ஊதுபத்திக்கு 'ராமாயண்' கேட்டவருக்கு 2015-ல சுப்ரீம் கோர்ட்ல கிடைக்கலை. நீங்களா உருவாக்கின, அகராதியில இல்லாத பேருதான் ரொம்பப் பலமானது.

5. புவிசார் குறியீட்டோட குழப்பிக்காதீங்க. ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவாவுக்கு 2019-லயும், கோவில்பட்டி கடலைமிட்டாய்க்கு 2020-லயும் கிடைச்சது அது. அது ஊருக்குச் சொந்தம். டிரேட்மார்க் உங்களுக்குச் சொந்தம்.

6. பதிவு ஆகாம வட்டத்துக்குள்ள ஆர் போடக்கூடாது, அது குற்றம். டிஎம்னு போட்டுக்கலாம்.

7. ரொம்ப முக்கியம்: பழைய பில்லைத் தூக்கிப் போடாதீங்க. முன்னாடி இருந்து உபயோகிச்சவருக்கு, பின்னால வந்து பதிவு பண்ணினவரை விடவும் உரிமை உண்டு. ஆனா அதை நிரூபிக்கணுமே.

ஏழாவதைச் சொன்னதும் சித்தப்பா ஒண்ணும் பேசாம உள்ள போனாங்க. பரண்ல இருந்து ஒரு தகரப்பெட்டி இறங்குச்சு. திறந்தா 1998-ல இருந்து பில் புக்கு, லேபிள் அடிச்ச பிரஸ்காரர் ரசீது, கூடவே முதல் முதலா அடிச்ச மஞ்சள் லேபிள், ஓரம் பழுப்பேறிப் போய். சித்தி இத்தனை வருஷமா "இந்தக் குப்பையை எடைக்குப் போடுங்க"ன்னு சொல்லிக்கிட்டே இருந்த பெட்டி. அன்னைக்கு சித்திதான் ஒவ்வொண்ணாத் தூசி துடைச்சு வருஷவாரியா அடுக்கினாங்க.

ஒரு வக்கீலைப் பார்த்து விண்ணப்பம் போட்டாச்சு. அந்த ஆளுக்கு நோட்டீஸும் போயாச்சு. முடிவு என்ன ஆகும்னு தெரியாது. ஆனா போன வாரம் சித்தப்பா போன்ல, "எலேய், அந்த அம்பாள் கேசை இன்னொரு தடவை சொல்லுல, கடையில எல்லாரும் கேக்காங்க"ன்னாங்க. சொன்னேன். அவங்க ஸ்பீக்கர்ல போட்டிருந்தாங்க போல, பின்னால யாரோ "அப்ப தாயார் தோத்துட்டாளா?"ன்னு வருத்தமாக் கேட்டது காதுல விழுந்துச்சு :-)

டிஸ்கி: நான் வக்கீல் இல்லை, கோடு தட்டுறவன். உங்க பிரச்சினைக்கு நல்ல வக்கீலைப் பாருங்க. நம்ம பதிவர்கள்ல சட்டம் படிச்சவங்க இருந்தா, தப்பு இருக்கிற இடத்தைப் பின்னூட்டத்துல சொல்லுங்க, திருத்திக்கிறேன். உங்க ஊர்லயும் இப்படி ஒத்தெழுத்து மாத்தின கதை இருந்தா கண்டிப்பா எழுதுங்க. பேர் மட்டும் போட வேண்டாம்!