பாடசாலை நூலகத்தில் நமக்கோர் அலுமாரி

மருதானை ஸாஹிரா தொடங்கியது 1892இல். அதன் முன்னோடிகளில் ஒருவரான அறிஞர் சித்திலெப்பை, பத்து வருடம் முந்தியே, 1882இல், ‘முஸ்லிம் நேசன்’ பத்திரிகையைத் தொடக்கிவிட்டார். 1885இல் ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ வெளிவந்தது. வாசிப்பில்லாமல் கல்வி நிலைக்காது என்று அவர் விளங்கியிருந்தார் போலும்.

நான் பொறுப்பாயிருக்கும் பாடசாலை நூலகம் அதிபர் அறையில் ஒற்றை அலுமாரியாகத் தொடங்கியதுதான். இன்று தனி மண்டபம். றாக்கை நிறைய வினாத்தாள் தொகுப்புகள். சித்திலெப்பையைப் பற்றிக் கட்டுரை எழுத வரும் பிள்ளைக்கு அவருடைய நூலை எடுத்துக் கொடுக்க வழியில்லை. ஊருக்குள்ளேயோ அறபுத் தமிழ்க் கிதாபுகளும் பழைய சஞ்சிகைகளும் பெட்டிகளில் கறையானுக்கு இரையாகின்றன.

மூத்தவர்கள் மௌத்தானபின் அவற்றை எரித்துவிடாதீங்க. ஊர்ப் பாடசாலைக்குக் கொடுங்க. தொடங்க ஓர் அலுமாரி போதும்.