பெரிய வெள்ளியும் நாற்பது வரி நிரலும்



போன வருடம் எங்கள் சபையில் ஒரு பாட்டி கர்த்தருக்குள் நித்திரையடைந்தார். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு நடந்ததைப் பற்றி அவர் 1998இல் சபை மலரில் சாட்சி எழுதியிருந்தார். அடக்க ஆராதனையில் அதை வாசிக்க வேண்டும் என்று பேரப்பிள்ளைகள் கேட்டார்கள். அச்சுப் பிரதி ஒன்றும் மிஞ்சவில்லை. கோப்பு இருந்தது. மோர்னிங்சைட்டில் எங்கள் வீட்டுக் கணனியில் திறந்தால், வரிக்கு வரி அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்.

அது பாமினி எழுத்துருவில் அடித்தது. அந்தக் காலத்துக் கணனிக்குத் தமிழ் தெரியாது. பழைய தமிழ்த் தட்டச்சு இயந்திரத்தின் விசை வரிசையைப் பின்பற்றி, ஆங்கில எழுத்துகளுக்கு மேல் தமிழ் உருவங்களைப் போர்த்தினார்கள். ‘தமிழ்’ என்று தெரிய ஜே, கே, பி, ஓ, ஒரு அரைப்புள்ளி அடிக்க வேண்டும். எழுத்துரு இல்லாத கணனியில் போர்வை கழன்றுவிடும். 1991இல் வந்த யூனிகோட் தமிழுக்கென்றே தனி இடம் ஒதுக்கியது. ஆனாலும் புலம்பெயர்ந்த நம்மவர் பல வருடங்கள் பாமினியை விடவில்லை. கை பழகிவிட்டது, அவ்வளவுதான்.

இப்படி வரி வரியாக வாசித்து, பொருந்தும் இடத்தில் மாற்றும் சின்ன நிரல்களுக்கு ஒரு வரலாறு உண்டு. 1977இல் பெல் ஆய்வுகூடத்தில் ‘ஓக்’ என்ற மொழியை மூவர் உருவாக்கினார்கள். அந்த மூவரில் இருவர் ஒன்ராரியோக்காரர்: பிரையன் கெர்னிகன் ரொறன்ரோவில் பிறந்தவர், அல்பிரட் ஆஹோ டிம்மின்ஸில் பிறந்தவர். இருவரும் ரொறன்ரோ பல்கலைக்கழகத்தில் படித்தவர்கள். ஓக்கிடம் பாடம் கற்று 1987இல் லாரி வோல் ‘பேர்ள்’ மொழியை வெளியிட்டார். இவர் மொழியியல் படித்தவர். எழுத்தே இல்லாத ஒரு மொழிக்கு எழுத்து அமைத்து, அதில் வேதாகமத்தை மொழிபெயர்க்கும் எண்ணத்தோடு மனைவியோடு படித்தார். உடல்நலம் இடம் கொடுக்கவில்லை. அவருடைய மொழி நம்முடைய பாட்டியின் எழுத்தை மீட்க உதவும் என்று யார் நினைத்திருப்பார்!

எங்கள் வாலிபர் ஐக்கியத்துப் பிள்ளை ஒருவர் பேர்ளில் நாற்பது வரி எழுதினார், கூடவே ஒரு மாற்றுப் பட்டியலும். இரவு வேலை முடித்து வந்து நாங்கள் பக்கத்தில் இருந்து சரி பார்த்தோம். முதல் முயற்சி குழம்பியது. பாமினியில் ‘கொ’ என்பது மூன்று விசைகள்: முதலில் கொம்பு, பிறகு க, பிறகு கால். யூனிகோட்டில் க முதலில் வரும், குறி அதற்குப் பின்னால். ஒவ்வொரு விசையாக மாற்றினால் கொம்பு தனியே தொங்கும். ஆகவே மூன்று விசைச் சேர்க்கைகளை முதலில், பிறகு இரண்டு, கடைசியில் தனி விசை என்று மாற்ற வேண்டும். மருந்தைக் கலக்கும் வரிசை போலத்தான், மாறினால் கெட்டுவிடும்.

இரண்டாவது முயற்சி அழகாக வந்தது என்று சந்தோஷப்பட்டோம். மூன்றாம் பக்கத்தில் ‘பெரிய வௌ்ளி’ என்று நின்றது! பாமினியில் ‘ள’வுக்கும் ‘ௌ’வின் பின்பாதிக்கும் ஒரே விசை. ஆகவே வெள்ளியின் ‘வெள்’ளை நிரல் ‘வௌ’ என்று எடுத்துக்கொண்டது. வெளிப்படுத்தின விசேஷமும் அப்படியே கெட்டிருந்தது. இணையத்தில் தமிழ் வாசிக்கிறவர்கள் இந்தப் பிழையை நிறையக் கண்டிருப்பீர்கள். தட்டச்சுப் பிழை என்று நினைத்திருப்பீர்கள். ‘ௌ’வுக்குப் பின்னால் புள்ளியோ வேறு உயிர்க்குறியோ வந்தால் அது உண்மையில் ‘ெள’. ஏனென்றால் தமிழில் ஒரு மெய்க்கு இரண்டு குறி ஏறாது. அந்த ஒரு விதியைக் கடைசியில் சேர்த்ததும் வெள்ளி வெள்ளியானது.

மூலக் கோப்பை மட்டும் தொடவில்லை, பிரதி எடுத்துத்தான் எல்லாம் செய்தோம். சனிக்கிழமை ஆராதனையில் பேத்தி அதை வாசித்தார். நடந்த இரவில் பாட்டி கையில் பிடித்திருந்தது ஒரு வேதாகமமும் ஒரு தண்ணீர்ப் போத்தலும் என்று அன்றுதான் அவருடைய பிள்ளைகளுக்கே தெரிந்தது.

இன்னும் மூன்று கோப்புகள் திறபடவில்லை. அவை பாமினி இல்லை, வேறு ஏதோ எழுத்துரு. 90களில் மலருக்குத் தட்டச்சுச் செய்த அங்கிள்மார், அன்ரிமார் யாருக்காவது அதன் பெயர் ஞாபகம் இருந்தால், ஞாயிறு ஆராதனை முடிந்ததும் எங்களிடம் சொல்லுங்கள்.