குருதியமுக்க மருந்துகளும் நாடித் தசையும்

பேச்சுவழக்கில் ‘பிரஷர் குளிசை’ எனப்படும் மருந்துகளிற் பலவற்றின் இலக்கு இதயமன்று. புன்னாடிகளின் சுவரை வளையமாகச் சுற்றியிருக்கும் மழமழப்பான தசைக்கலங்களே. 2006இல் ஒன்ராறியோவில் நடந்த அளவீட்டில், வளர்ந்தோர் ஐவரில் ஒருவருக்கு உயர் குருதியமுக்கம் காணப்பட்டது. தென்னாசியரிடையே அது ஏறத்தாழ 30 வீதம். ஈழத்தமிழர் செறிந்து வாழும் ஸ்காபரோவில் இக்குளிசைகளை அறியாத குடும்பம் அரிது.

தசைக்கலத்துள் கல்சியம் புகுந்ததும் அது கல்மொடுலின் என்ற புரதத்துடன் சேர்ந்து ஒரு நொதியத்தை முடுக்கும். மயோசின் இழைகள் அக்ரினைப் பற்றி இழுக்க, கலம் சுருங்கி, நாடி ஒடுங்கும். குருதியோட்டத்துக்கான தடை, குழாயின் ஆரையினது நான்காம் அடுக்குக்கு நேர்மாறு விகிதத்தில் அமைவது. எனவே ஆரை 10 வீதம் விரிந்தாலே தடை மூன்றிலொரு பங்களவு குறையும். சிறு குளிசையின் பலம் இந்தக் கணக்கில்தான் இருக்கிறது.

அம்லோடிபின் கல்சியம் நுழையும் வாயிலை மறிக்கிறது. பெரிண்டோபிரில், தசையைச் சுருக்கும் அஞ்சியோடென்சின் II உருவாவதைக் குறைக்கிறது. கண்டசார்டான், தசைக்கலத்தில் அது ஒட்டுமிடத்தை அடைக்கிறது. நீர்க்குளிசைகள் முதலில் உப்பையும் நீரையும் வெளியேற்றும். நாடித்தடை தளர வாரங்கள் செல்லும்.

அம்லோடிபின் எடுக்கும் சிலருக்குக் கணுக்கால் வீங்குவதுண்டு. சிறுநீரகம் பழுதாகிவிட்டதென்று பயப்படுவோர் பலர். உண்மையில் புன்னாடி விரியும் அளவுக்கு நாளம் விரிவதில்லை. இடையிலுள்ள மயிர்க்குழாய்களில் அமுக்கம் கூடி நீர் கசிகிறது. இதற்கு நீர்க்குளிசை பெரிதாய் உதவாது. பெரிண்டோபிரில் வகை சேர்ந்தால் நாளமும் விரிவதால் வீக்கம் தணியும்.

ஸ்காபரோவை ஊடறுக்கும் 401 நெடுஞ்சாலையில் மேற்கே போனால் வரும் லண்டன் நகரில், டேவிட் பெய்லி குழுவினர் அம்லோடிபின் வகையைச் சேர்ந்த ஃபெலோடிபினுடன் மதுவின் விளைவை ஆராய்ந்தனர். மதுவின் சுவையை மறைக்கவே கிரேப்ஃப்ரூட் சாறு கலந்தனர். மருந்து குருதியில் எதிர்பாராத அளவு ஏறியது. மது அல்ல, சாறே காரணம் என்பது 1991இல் ‘லான்செட்’ இதழில் வெளியான ஆய்வால் உறுதியானது. குடற்சுவரில் மருந்தைச் சிதைக்கும் நொதியத்தைச் சாறு முடக்குகிறது. அம்லோடிபினை இது அவ்வளவு பாதிப்பதில்லை. தமிழ்க்கடைகளில் வாங்கும் பம்பளிமாசிலும் அதே வகைச் சேர்மங்கள் உள்ளன.

உயர் அமுக்கம் நீடித்தால், தசைக்கலங்கள் ஒடுங்கிய குழாயைச் சுற்றி நெருக்கமாக அடுக்கப்பட்டுவிடும், சுவர் தடிக்கும். மொன்றியலில் ஏர்னஸ்டோ ஷிஃப்ரின் குழு, பிட்டத்துத் தோலடியிலிருந்து எடுத்த சிறு நாடிகளைச் சிகிச்சைக்கு முன்னும் ஓராண்டின் பின்னும் அளந்தது. 2000இல் வெளியான முடிவில், கண்டசார்டான் வகையைச் சேர்ந்த லோசார்டானும் அட்டெனலோலும் அமுக்கத்தை ஒத்த அளவிலேயே குறைத்திருந்தன. லோசார்டான் எடுத்தோரின் நாடிச்சுவர் இயல்பை நெருங்கியது. அட்டெனலோல் எடுத்தோரிடம் மாற்றமில்லை. அட்டெனலோல் சார்ந்த பீற்றா தடுப்பிகள் முக்கியமாக இதயத்தில் செயற்படுபவை. மாரடைப்புக்குப் பின்னும் நெஞ்சுவலிக்கும் அவை தொடர்ந்து பயன்படுகின்றன.