யாழ்ப்பாணம் ஏன் கொப்பேகடுவவுக்கு வாக்களித்தது?

2010 ஜனவரி கடைசி வாரம். ஆபீஸில் வேலை பார்ப்பதுபோல் பாவனை செய்துகொண்டு, இலங்கை ஜனாதிபதித் தேர்தல் முடிவுகளை மாவட்டம் மாவட்டமாக எக்செல் ஷீட்டில் ஏற்றிக்கொண்டிருந்தேன். மகிந்த ராஜபக்சவுக்கு கிட்டத்தட்ட 58 சதவீதம், சரத் பொன்சேகாவுக்கு 40. பொன்சேகா முந்தியது ஆறே மாவட்டங்களில்: யாழ்ப்பாணம், வன்னி, மட்டக்களப்பு, திருகோணமலை, திகாமடுல்ல (அதாவது அம்பாறை), நுவரெலியா. தமிழர்களும் முஸ்லிம்களும் கணிசமாக வாழும் பகுதிகள்.

எனக்குத் தலை சுற்றியது. எட்டு மாதம் முன்புதான் வன்னிப் போரை நடத்தி முடித்த ராணுவத் தளபதி அவர். இந்த நாடு சிங்களவருக்கே உரியது என்ற பொருளில் 2008இல் ஒரு கனடியப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்தவர். பக்கத்து சீட்டில் இருந்த யாழ்ப்பாண நண்பரிடம், "உங்க ஆளுங்களுக்கு என்னதான் ஆச்சு?" என்று கேட்டுவிட்டேன். இன்று நினைத்தால் கூசுகிறது. சென்னையில் ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்கிற கேள்வியா அது?

அவர் கோபப்படவில்லை. "அண்ணை, வெல்லக்கூடிய ஆக்கள் ரெண்டு பேர்தான். ஒருத்தரை வீட்டுக்கு அனுப்பவேணும் எண்டு சனம் நினைச்சது. அதுக்கு மற்றவற்ற பேருக்கு நேரே புள்ளடி போடுறதை விட வேற வழி என்ன இருக்கு, சொல்லுங்கோ?" என்றார். கொஞ்சம் கழித்து, "இதுக்கே இப்பிடி எண்டா, எங்கட ஐயா 82இல கொப்பேகடுவவுக்குப் போட்டவர். அதை என்னெண்டு விளங்கிக்கொள்ளுவீங்கள்?" என்று கேட்டார்.

விளங்கவில்லை. அன்றைக்கு இரவே தேட ஆரம்பித்தேன்.

1982 அக்டோபர் 20இல் நடந்தது இலங்கையின் முதல் நேரடி ஜனாதிபதித் தேர்தல். ஜே.ஆர். ஜெயவர்த்தனா ஐக்கிய தேசியக் கட்சி. எதிரே சுதந்திரக் கட்சி சார்பில் ஹெக்டர் கொப்பேகடுவ. கட்சித் தலைவி சிறிமாவோவின் குடியியல் உரிமைகளை 1980இல் பறித்துவிட்டதால் அவருக்குப் பதிலாக நின்றவர். தமிழர் தரப்பில் குமார் பொன்னம்பலம். பெரிய தமிழ்க் கட்சியான தமிழர் விடுதலைக் கூட்டணி வேட்பாளரை நிறுத்தவில்லை.

நாடு முழுவதும் ஜே.ஆருக்கு 53 சதவீதம், கொப்பேகடுவவுக்கு 39. யாழ்ப்பாண மாவட்டத்தில் (அப்போது கிளிநொச்சியும் அதற்குள்தான்) பொன்னம்பலம் சுமார் 40 சதவீதம் எடுத்து முதலிடம். இது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் இரண்டாம் இடத்தில் 35 சதவீதத்தோடு கொப்பேகடுவ!

சுதந்திரக் கட்சி யார்? 1956இல் தனிச் சிங்களச் சட்டம் கொண்டுவந்த கட்சி. எழுபதுகளில் பல்கலைக்கழக அனுமதிக்குத் தரப்படுத்தல் கொண்டுவந்து யாழ்ப்பாணப் பையன்களின் வயிற்றில் அடித்த ஆட்சி. பௌத்தத்துக்கு முதன்மை இடம் கொடுத்த 1972 அரசியல் சட்டமும் அவர்களுடையதே. அந்த ஆட்சியில் விவசாய அமைச்சராக இருந்தவர்தான் கொப்பேகடுவ. அவருக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேலா?

விடை செத்தல் மிளகாயிலும் சின்ன வெங்காயத்திலும் இருக்கிறது. சிறிமாவோ அரசிடம் அந்நியச் செலாவணி இல்லை. அதனால் மிளகாய், வெங்காயம், உருளைக்கிழங்கு போன்றவற்றின் இறக்குமதியை இறுக்கிவிட்டார்கள். யாழ்ப்பாணத்தின் மேல் பாசம் வந்து செய்ததல்ல, கஜானா காலி. ஆனால் செம்மண் தோட்டத்தில் கிணற்று நீர் இறைத்துப் பாடுபட்ட விவசாயிக்கு விலை கிடைத்தது, வாழ்க்கையில் முதல்முறையாகக் கையில் காசு புரண்டது. நண்பரின் வீடே வெங்காயக் காசில் கட்டியதுதானாம்.

இதில் இன்னொரு விசித்திரம். அதே தட்டுப்பாடுதான் தெற்கில் சனங்களை ரேஷன் கியூவில் நிற்க வைத்தது. 1977 பொதுத்தேர்தலில் சுதந்திரக் கட்சிக்கு மிஞ்சியது 168இல் வெறும் 8 இடம். தெற்கின் அடுப்பை அணைத்த கொள்கை வடக்கின் தோட்டக்காரருக்கு வீடு கட்டிக் கொடுத்திருக்கிறது! பிறகு ஜே.ஆர். திறந்த பொருளாதாரம் கொண்டுவந்தார், இறக்குமதிச் சரக்கு வந்து இறங்கியது, விலை விழுந்தது. 1981இல் அவர் ஆட்சியில் யாழ் நூலகமும் எரிந்தது. ஆக 82இல் அந்த விவசாயி முன்னால் நின்ற இரண்டு பெரிய கட்சிகளுமே காயம் செய்தவைதான். ஒன்று மகனின் படிப்பைக் கெடுத்தது, ஆனால் தோட்டத்தை வாழவைத்தது. மற்றது தோட்டத்தையும் கெடுத்தது. நண்பரின் ஐயா இனத்தை மறந்து வாக்களித்தார் என்று நான் நினைக்கவில்லை. எல்லாவற்றையும் நினைவில் வைத்துக்கொண்டுதான் போட்டிருப்பார்.

இங்கே ஒரு எச்சரிக்கை, என்னைப்போல எண்களை வைத்து விளையாடுகிறவர்களுக்கு. 82இல் அந்த மாவட்டத்தில் வாக்குச்சாவடிக்கு வந்தவர்கள் சுமார் 46 சதவீதம். அப்படியானால் கொப்பேகடுவவுக்குப் போட்டவர்கள் பட்டியலில் இருந்தவர்களில் ஆறில் ஒருவர்தான். 2010இல் யாழ்ப்பாணத்தில் வந்தவர்கள் கால்வாசி, அதில் பொன்சேகாவுக்கு 64 சதவீதம். கணக்குப் போட்டால் அங்கேயும் ஆறில் ஒருவர்தான் வருகிறது! மீதிப் பேரில் பலர் போரில் இடம்பெயர்ந்தவர்கள், பட்டியலில் பெயரை மட்டும் விட்டுவிட்டு நாட்டைவிட்டே போனவர்கள். 'யாழ்ப்பாணம் பொன்சேகாவுக்கு வாக்களித்தது' என்ற வாக்கியமே பாதி பொய். சர்வர் லாக் என்ன நடந்தது என்று சொல்லும். ஏன் நடந்தது என்று சொல்லாது. தேர்தல் முடிவும் அப்படித்தான்.

இதற்கு 2005தான் கொடூரமான உதாரணம். புலிகளின் புறக்கணிப்பு அழைப்பால் யாழ் மாவட்டத்தில் ஏழு லட்சம் வாக்காளர்களில் வாக்களித்தவர்கள் சுமார் எட்டாயிரத்து ஐந்நூறு பேர். 1.2 சதவீதம். நாடு முழுவதும் ராஜபக்ச ரணிலை வென்றது 1 லட்சத்து 81 ஆயிரம் வாக்கில். வராதவர்களில் பயத்தால் வராதவர் எத்தனை, 'யார் வந்தால் என்ன' என்று இருந்தவர் எத்தனை? எந்த எக்செல்லாலும் பிரிக்க முடியாது.

2010இல் எம்.கே. சிவாஜிலிங்கம் என்ற தமிழ் வேட்பாளரும் இருந்தார். நாடு முழுக்க அவருக்குப் பத்தாயிரம் வாக்குகூட வரவில்லை. 'எங்கள் ஆள்' என்பது அன்று சனத்துக்குப் போதவில்லை. 2015இலும் அதே கணக்குதான். மைத்திரிபால சிறிசேன போரின் கடைசி நாட்களில் பதில் பாதுகாப்பு அமைச்சராக இருந்தவர். அவருக்கு யாழ்ப்பாணத்தில் 74 சதவீதம். இந்தமுறை சனம் திரண்டு வந்தது, ராஜபக்ச வீட்டுக்குப் போனார். நண்பர் போன் பண்ணி, "அண்ணை, இப்ப விளங்கிச்சுதோ?" என்று மட்டும் கேட்டு வைத்துவிட்டார்.

விளங்கிவிட்டது என்றுதான் நினைத்திருந்தேன். 2024 செப்டம்பரில் விரட்டவேண்டிய ராஜபக்ச என்று பெரிதாக எதிரே யாரும் இல்லை. யாழ்ப்பாண வாக்குகள் சிதறிப்போயின. சஜித் பிரேமதாசவுக்கு 33 சதவீதம், தமிழ்ப் பொதுவேட்பாளர் அரியநேத்திரனுக்கு 31, ரணிலுக்கு 23. ஜெயித்து ஜனாதிபதியான அனுர குமார திசாநாயக்கவுக்கு வெறும் 7. எட்டே வாரம் கழித்து பொதுத்தேர்தல். அதே அனுரவின் தேசிய மக்கள் சக்தி யாழ் மாவட்டத்தில் முதலிடம், ஆறு இடங்களில் மூன்று!

இந்தமுறை நான்தான் நண்பருக்கு போன் பண்ணினேன். இப்போது டொரன்டோவில் இருக்கிறார். அவருக்கும் காரணம் பிடிபடவில்லை. பெரியம்மா மகன் ஒருவர் இன்னும் சுன்னாகம் பக்கம் வெங்காயம் வைக்கிறாராம், அவரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றார். பதிலுக்குக் காத்திருக்கிறேன்.