பரங்கிமலைக் கோடும் பள்ளிச் சிறுவர்களும்

பினாங்கில் குடியேற்றம் நிறுவிய பிரான்சிசு லைட் மறைந்த 1794ஆம் ஆண்டிலேயே, சென்னையில் மைக்கேல் டாப்பிங் எட்டுச் சிறுவரைக் கொண்டு நிலஅளவைப் பள்ளி தொடங்கினார். ஆதரவற்றோர் இல்லத்துப் பிள்ளைகள் அவர்கள். கும்பினியார் நாடியது மலிவான உழைப்பையே என்பதை நாம் மறைக்க வேண்டுவதில்லை.

1802 ஏப்ரல் 10 அன்று பரங்கிமலையருகே லாம்டன் அடிக்கோடு அளக்கலானார். ஏழரை மைல் தொலைவுக்கு 57 நாள் பிடித்தது. வெயிலில் எஃகுச் சங்கிலி நீளுமாதலால், அதை மரப்பெட்டிகளில் கிடத்தி, வெப்பமானி வைத்துத் திருத்தினர். அக்கோட்டின்மேல் முக்கோணங்கள் அடுக்கிப் பூமியின் வடிவத்தையே கணிப்பது நோக்கம். நம் வகுப்பறை முக்கோணவியலேதான் அது! அப்பணியில் லாம்டனுக்கு நெடுநாள் வலக்கையாயிருந்தவர் ஜோஷுவா டி பென்னிங், அப்பள்ளி மாணவர். பள்ளியோ வளர்ந்து கிண்டிப் பொறியியற் கல்லூரியாயிற்று.